எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு இன்ஸ்டாகிராம்: நான்கு வழிகளும் பிறந்த வருஷமும்

பிள்ளைக்கு இன்ஸ்டாகிராம் கொடுக்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த போனில் இருக்கும் ஜிமெயிலில் பிறந்த வருஷம் என்ன? பெரும்பாலும் முழிப்பார்கள். ஜிமெயிலைப் போட்டது அவர்கள் இல்லை. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கமோ காட்பாடியிலோ போன் வாங்கும்போது, டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டே கடைப் பையன் போட்டுக் கொடுத்தது. பேர் மட்டும் கேட்பான். பிறந்த தேதிக்கு ஜனவரி 1. வருஷத்துக்கு விரலால் ஒரு இழுப்பு. சக்கரம் ஓடி 1995-லோ 1998-லோ நிற்கும். அவனுக்கு அடுத்த ஆள் காத்துக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து அந்த போனில் யூடியூப் பார்க்கும் எட்டாவது வகுப்புப் பெண், யூடியூபைப் பொறுத்தவரை முப்பது வயது ஆள்.

குடியாத்தத்தில் இருக்கும் என் தங்கையின் மகளுக்கு இந்த வருஷம் 13 முடிகிறது. "கிளாஸ்ல எல்லாரும் வச்சிகினு இருக்காங்கக்கா, இவளுக்கு மட்டும் இல்லன்னு தெனம் ஒரே ரகளை" என்கிறாள் தங்கை. இந்தப் பக்கம், சத்துவாச்சாரியில் எங்கள் எதிர்வீட்டு அக்கா ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர். காலையில் கம்பெனி வேனில் ஏறினால் இருட்டின பிறகுதான் இறங்குவார். வேலை செய்யும் இடத்தில் போனை உள்ளே விடமாட்டார்கள்; அதனால் வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் ஒன்பதாவது படிக்கும் மகன் கையில்தான் பகல் முழுக்க. இரண்டு வீட்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது என்பதால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் வீடுகளில் நடைமுறையில் இருப்பவை நான்கு வழிகள். வயதைக் கூட்டிப் போட்டுத் தனிக் கணக்கு. அம்மா அல்லது அப்பாவின் கணக்கிலேயே பார்க்க விடுவது. உண்மையான வயதைப் போட்டு, பெற்றோர் மேற்பார்வையோடு டீன் அக்கவுண்ட், அதாவது 18-க்குக் கீழே உள்ளவர்களுக்கு இன்ஸ்டாகிராம் தானே பாதுகாப்பு வைத்துத் தரும் கணக்கு. நான்காவது, 16 வரை கணக்கே வேண்டாம் என்று தள்ளிப்போடுவது.

வழிகளுக்குள் போவதற்கு முன், இந்த 13, 16, 18 எல்லாம் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்த்துவிடலாம். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட், வாட்ஸ்அப் எல்லாமே குறைந்தபட்ச வயது 13 என்கின்றன. 13 வயதில் பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிடும் என்று எந்த டாக்டரும் சொல்லி வந்த எண் இல்லை இது. அமெரிக்காவில் 1998-ல் வந்த ஒரு சட்டம், 13 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியில்லாமல் நிறுவனங்கள் சேகரிக்கக் கூடாது என்றது. அனுமதி வாங்கும் வேலை யாருக்கு வேண்டும் என்று, 13-க்குக் கீழே ஆளே வேண்டாம் என நிறுவனங்கள் எழுதி வைத்தன. அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தியே 2023-ல், 13 வயது ரொம்பச் சீக்கிரம் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

நம் நாட்டுக் கணக்கு வேறு. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது வரை குழந்தைதான். பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும். குழந்தையின் நடவடிக்கையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. இதற்கு நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். ஆக, நம் பிள்ளை போனை எடுக்கும் இன்றைய தேதியில் காவல் என்று இருப்பது ஆப்பின் செட்டிங்கும் நம் கண்ணும்தான்.

மருத்துவப் பக்கத்தில் ஒரு தகவல் எனக்கு உபயோகமாக இருந்தது. பிரிட்டனில் ஏமி ஆர்பன் குழுவினர் 2022-ல் வெளியிட்ட ஆய்வு, எந்த வயதில் சமூக வலைத்தளப் பயன்பாடு கூடினால் அடுத்த வருஷம் மனநிறைவு குறைகிறது என்று பார்த்தது. பெண் பிள்ளைகளுக்கு 11 முதல் 13, ஆண் பிள்ளைகளுக்கு 14, 15, பிறகு இருபாலருக்கும் 19 என்று வந்தது. இது சராசரிதான், ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதி வைத்த விதி அல்ல. ஆனாலும் நம் ஊர்ப் பழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். பொண்ணுக்குக் காலேஜ் போகும்வரை போன் கிடையாது, பையனுக்கு ஏழாவதிலேயே தனி போன், ஒன்பதாவது வந்தால் கேள்வியே கிடையாது. பையன் விஷயத்தில் நாம் கையை எடுக்கும் வயதும், அவன் அதிகம் அடிபடும் வயதும் ஒன்றாக இருக்கின்றன. கட்டுப்பாடு பொண்ணுக்கு மட்டும் என்று வைக்கிற வீடுகளோடு எனக்கு இதில் சண்டைதான்.

சரி, முதல் வழி. வயதைக் கூட்டிப் போடுவது. இதுதான் ஊரில் அதிகம், நான்கில் மோசமானதும் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2013-ல் பிறந்த பிள்ளை, 2023-ல் பத்து வயதில் இன்ஸ்டாகிராம் தொடங்குகிறது. 13 என்று காட்ட வேண்டும் என்பதற்காக 2010 என்று போடுகிறது. மூன்றே மூன்று வருஷப் பொய். 2026-ல் பிள்ளைக்கு உண்மையில் 13. ஆப்புக்கு அது 16. இந்த 16-ல்தான் பல பாதுகாப்பு செட்டிங்குகளைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் தளர்த்திக்கொள்ளும் வசதி வருகிறது. 2028-ல் பிள்ளை பத்தாவது, வயது 15. ஆப்புக்கு 18 முடிந்த பெரிய ஆள். டீன் அக்கவுண்டின் எல்லாப் பாதுகாப்பும் அன்றோடு போய்விடும். பத்து வயதில் சொன்ன பொய்யை யாரும் மறுபடி சொல்ல வேண்டியதில்லை, அது தானாகவே வளர்ந்துகொண்டு வருகிறது. இதுவும் ஓரளவு நேர்மையாகப் பொய் சொன்ன பிள்ளையின் கதைதான். சக்கரத்தை 1998-க்கு இழுத்து விட்ட பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே எந்தப் பாதுகாப்பும் இல்லை. வயதைத் தப்பாகப் போட்டுவிட்டு ஆப்பில் பாதுகாப்பு வசதி இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பது, ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு பெங்களூர் ஹைவேயில் ஏறுவது மாதிரி.

இதில் இன்னொரு சிக்கல் வெளியே தெரியாது. வீட்டுக்குத் தெரியாமல் பொய் வயதில் கணக்கு வைத்திருக்கும் பிள்ளையிடம் முகம் தெரியாத ஒருவன் வந்து பேசிப் பழகி, போட்டோ கேட்டு, பிறகு மிரட்டுகிறான் என்று வையுங்கள். இதைச் சொல்ல வேண்டுமென்றால், கணக்கு வைத்திருப்பதையும் சொல்லியாக வேண்டும். பொண்ணாக இருந்தால், படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். பையனாக இருந்தால் வெட்கம். இப்படிப் பணம் கேட்டு மிரட்டுவதில் பையன்கள் சிக்குவதும் நிறையவே நடக்கிறது. மிரட்டுகிறவனுக்கு இந்த வாயடைப்பு போதும்.

சட்டம் மட்டும் இங்கே பிள்ளை பக்கம்தான். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டமும், குழந்தைகளின் ஆபாசப் படங்களை இணையத்தில் பரப்புவதற்கு எதிரான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் பார்ப்பது உண்மையான வயதை, ஆப்பில் போட்ட வயதை அல்ல. பொய் வயது போட்டதால் புகார் கொடுக்க முடியாது என்பதெல்லாம் கிடையாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பணம் போயிருந்தால் 1930, இணையக் குற்றங்களுக்கு மத்திய அரசின் சைபர் கிரைம் போர்ட்டல்; பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பேர் சொல்லாமலும் அதில் பதியலாம். 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை, அதன் டிஜிட்டல் அடையாளம் மட்டும்தான் போகும். இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நான்கு வழிக்கும் பொது.

இரண்டாவது வழி, அம்மாவின் கணக்கில் பார்க்க விடுவது. இதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் நிறைய. "என் போன்லதான் பாக்குது, தனியா எதுவும் கிடையாது" என்று பெருமையாகவே சொல்வார்கள். நல்ல பக்கம் உண்டு. பிள்ளைக்குத் தனி முகவரி இல்லை, தன் போட்டோவைப் போட்டு லைக் எண்ணும் வேலை இல்லை, வகுப்புச் சண்டை வீட்டுக்குள் வருவதில்லை. ஆனால் ஆப்புக்கு இது 38 வயதுப் பெண்ணின் கணக்கு. எதை மறைக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. தங்கை போனை வாங்கி ரீல்ஸைத் தள்ளிப் பார்த்தேன். ஒரு நகைக்கடை விளம்பரம், ஒரு பிரியாணி, அடுத்து முகம் வெளுக்க ஒரு கிரீம், அதற்கடுத்து பத்து நாளில் இடுப்பு குறைப்பது எப்படி என்று ஒரு பெண், பிறகு புருஷன் பொண்டாட்டி சண்டை காமெடி, மறுபடியும் இடுப்பு. அம்மாவும் மகளும் பார்ப்பது கலந்து, இருவருக்குமே தேவையில்லாத ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பு வீடியோவில் நின்றது யார் விரல் என்று தங்கைக்கே தெரியவில்லை.

பத்து, பதினொன்று வயதுக்கு, கூடத்தில், பெரியவர்கள் நடமாட்டத்தில், அதுவும் கொஞ்ச நேரம் என்றால் சமாளிக்கலாம். அந்த வயதுக்கு இன்ஸ்டாகிராமைவிட, ஃபேமிலி லிங்க் என்ற கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப் வழியாகப் பிள்ளை பேரில் கணக்குத் தொடங்கி யூடியூபில் வயதுக்கேற்ற அளவை வைத்துக் கொடுப்பது மேல். எதிர்வீட்டு அக்கா வீட்டு நிலைமைக்கு இந்த இரண்டாவது வழி சுத்தமாக ஒத்துவராது. கணக்கு அம்மா பேரில் தொடங்கினாலும், போன் பகல் முழுக்க மகன் கையில்தானே.

மூன்றாவது வழியான டீன் அக்கவுண்ட் இந்தியாவுக்கு 2025 பிப்ரவரியில் வந்தது. உண்மையான வயதைப் போட்டால் தானாகவே அமையும். கணக்கு பிரைவேட். பிள்ளை பின்தொடரும் ஆட்கள், ஏற்கெனவே தொடர்பில் இருக்கிறவர்கள் தவிர யாரும் மெசேஜ் அனுப்ப முடியாது. ஒரு மணி நேரம் ஆனால் போதும் என்று நினைவூட்டும். இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் வராது. 16-க்குக் கீழே இருந்தால் இதில் எதைத் தளர்த்தவும் பெற்றோர் அனுமதி வேண்டும். பெற்றோர் தங்கள் கணக்கை இணைத்துக்கொண்டால், கடந்த 7 நாளில் பிள்ளை யாரோடு மெசேஜில் பேசியது என்று தெரியும். என்ன பேசியது என்று தெரியாது. அந்த எல்லை எனக்குப் பிடித்திருக்கிறது. 14 வயதுப் பிள்ளையின் தோழி எழுதிய ஒவ்வொரு வரியையும் அம்மா படிக்கக் கூடாது, ஆனால் புதிதாக ஒரு பேர் வந்தால் யார் இது என்று கேட்க முடிய வேண்டும்.

இவையெல்லாம் தானாக அமைவது ஏன் முக்கியம் என்பதற்கு பிள்ளைகளின் கல்வி நிலையைப் பற்றிய ஏசர் (ASER) 2024 ஆய்வறிக்கையைப் பார்க்கலாம். நாடு முழுக்கக் கிராமப்புறங்களில் எடுத்தது. 14 முதல் 16 வயதில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிகிறது. முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 57 சதவீதம், சமூக வலைத்தளத்துக்கு 76 சதவீதம். ஆனால் சமூக வலைத்தளம் பார்க்கும் அந்தப் பிள்ளைகளிலேயே ப்ரொஃபைலை பிரைவேட் ஆக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய 55 சதவீதம்தான். மீதிப் பேருக்கு, ஆப் தானே பூட்டிக் கொடுத்தால்தான் பூட்டு.

குறையும் சொல்ல வேண்டும். பெற்றோர் ஒருவருக்காவது இன்ஸ்டாகிராம் இருக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பார்க்க வேண்டும். பார்க்காத மேற்பார்வை வெறும் பேருக்குத்தான். பிள்ளை வேறொரு மெயிலில் இரண்டாவது கணக்கு தொடங்குவதை இது தடுக்காது. சித்தப்பா மகன் போன் இருக்கவே இருக்கிறது. நினைவூட்டல் வந்தாலும் தள்ளிவிட்டுப் பார்க்கலாம். நேர வரம்பைப் பெற்றோர் பக்கத்திலிருந்து வைத்தால்தான் அது நிற்கும். இன்னொன்று, எவ்வளவு வடிகட்டினாலும் ரீல்ஸ் ரீல்ஸ்தான். கடைசி வீடியோ என்று ஒன்று அதில் கிடையாது.

நான்காவது, 16 வரை காத்திருப்பது. ஆஸ்திரேலியா இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட், டிக்டாக், யூடியூப், எக்ஸ் போன்றவற்றில் கணக்கு வைக்க முடியாது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. தடுக்க நடவடிக்கை எடுக்காத நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். வாட்ஸ்அப்புக்கு இந்தத் தடை இல்லை. அதே டிசம்பரில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், இதுபோன்ற சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றது.

எனக்கு இதில் அரை சம்மதம். தள்ளிப்போடும் ஒவ்வொரு வருஷமும் லாபம்தான், முக்கியமாக 11 முதல் 15 வரை. ஆனால் வீட்டளவில் 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், பிள்ளை கணக்கே இல்லாமல் குரோமில் திறந்து பார்க்கும், அல்லது முதல் வழிக்குப் போகும். கணக்கு இல்லாமல் பார்க்கும்போது இது எந்த வயதுப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. காத்திருப்பது என்றால் பதிலுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். வகுப்பு குரூப்புக்காக வீட்டு போனில் வாட்ஸ்அப்; டியூஷனுக்குத் தனியாகப் போகும் பிள்ளைக்கு ஒரு பட்டன் போன்; எந்த மாதம் கணக்கு கிடைக்கும் என்று இப்போதே சொல்லிவிட்ட தேதி. நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் மத்தியானம் பிள்ளையை வெளியே அனுப்ப முடியாது. அந்த நாலைந்து மணி நேரத்துக்கு என்ன செய்வது என்றும் யோசிக்க வேண்டும். அதை யோசிக்காமல் போனை மட்டும் பிடுங்கினால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

தங்கை வீட்டுக்கு நான் சொன்னது மூன்றாவது வழி, ஆனால் இந்த ஜூனில் வேண்டாம், ஒன்பதாவது போகும்போது. தங்கைக்கு இன்ஸ்டாகிராம் பழக்கம் உண்டு, சாயந்திரம் வீட்டில் இருக்கிறாள், மகளோடு பேச்சுவார்த்தை நன்றாக இருக்கிறது. இந்த மூன்றும் இருக்கும் வீட்டுக்குத்தான் மேற்பார்வைக் கணக்கு பொருந்தும். அதுவரை தங்கை போனில் இருக்கும் இன்ஸ்டாகிராமுக்குத் தனி லாக்.

எதிர்வீட்டு அக்காவுக்கு அது பொருந்தாது. அவரிடம் இன்ஸ்டாகிராமே கிடையாது. பத்து மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்து செட்டிங் பார் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கு நான்காவது வழி, கொஞ்சம் மாற்றத்தோடு. பகலில் மகனுக்குப் பட்டன் போன். ஸ்மார்ட்போன் கீழ்வீட்டுப் பாட்டியிடம். பாடம் பார்க்க வேண்டுமென்றால் அங்கே உட்கார்ந்து பார்க்கலாம். அதில் மகன் பேரில், உண்மையான வயதில் கூகுள் கணக்கு. முதல் வாரம் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வருத்தம் இன்ஸ்டாகிராமைவிட ஃப்ரீ ஃபயர் விளையாட்டில்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

16, 17 வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. பதினொன்றாவது வந்தால் நீட், ஜேஇஇ என்று எப்படியும் கையில் போன் வந்துவிடும். உண்மையான வயதில் கணக்கு, இரவில் போன் கூடத்தில் சார்ஜில். அவ்வளவுதான்.

ஏற்கெனவே பொய் வயதில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் திருத்தலாம். இன்ஸ்டாகிராமில் செட்டிங்குக்குள் அக்கவுண்ட்ஸ் சென்டர், அதில் பர்சனல் டீட்டெய்ல்ஸ், பிறந்த தேதி. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஒளித்துச் செய்தால் இரண்டாவது கணக்கு நிச்சயம். 13 முடியாத பிள்ளை என்றால் உண்மையைப் போட்டதும் கணக்கே போய்விடும். அதனால் வைத்துக்கொள்ள வேண்டிய போட்டோக்களை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். ஜிமெயிலுக்கும் இதே மாதிரி கூகுள் கணக்கின் பர்சனல் இன்ஃபோவில் தேதி இருக்கும். 13-க்குக் கீழே என்றால் உங்கள் கணக்கோடு இணைக்கச் சொல்லும். சின்ன வயதாகத் திருத்தியதை மறுபடி 18-க்கு மேல் ஏற்றப் பார்த்தால், இன்ஸ்டாகிராம் முக வீடியோவோ அடையாள அட்டையோ கேட்கும். அப்போது உங்கள் ஆதாரை எடுத்துக்கொண்டு பிள்ளை வந்து நின்றால், எதற்கு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.